பாதியில் நிறுத்திய குருவிக் கதை

1. பால்வாடி பேப்பர்

தொண்ணூற்றாறில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை. துறைத்தலைவர் கால அட்டவணையை என் பக்கம் தள்ளினார். சங்க இலக்கியம், இலக்கணம், காப்பியம் எல்லாவற்றுக்கும் எதிரே மூத்தவர்களின் பெயர்கள் ஏறியிருந்தன. கடைசி வரிசையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, விருப்பப் பாடம், குழந்தை இலக்கியம்.

"நீங்க இளவட்டம். இதை எடுத்துக்கிருங்க," என்றார் தலைவர். "ஒண்ணும் கஷ்டமில்ல. காக்கா, நரி, ஆனை. இம்புட்டுத்தான்."

"பாடத்திட்டம் இருக்குங்களா ஐயா?"

"இருக்கு. யாரும் இதுவரைக்கும் தொறந்து பாக்கல."

ஆசிரியர் அறை சிரித்தது. அன்று முதல் அதற்குப் பால்வாடி பேப்பர் என்று பெயர். வகுப்பு முடிந்து நான் திரும்பி வந்தால், "என்ன சார், பிள்ளைக தூங்கிருச்சுகளா?" என்று யாராவது கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். உள்ளே ஒரு வீம்பு வளர்ந்தது. இந்தப் பாடத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வு, ஒன்றே ஒன்று, யாரும் சிரிக்க முடியாதபடி வந்துவிட வேண்டும் என்று.

முதல் ஆண்டு வரையறைகளைச் சொல்லி எழுத வைத்தேன். குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எழுதுவது. குழந்தைகளைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுவது. குழந்தைகள் தாமே படைப்பது. பேனாக்கள் ஓடின. வருசநாட்டிலிருந்து பஸ் மாறி வரும் மாணவன் ஒருவன் ஒருநாள் எழுதுவதை நிறுத்தினான்.

"சார், எங்க வீட்ல ரேஷன் கார்டைத் தவிர அச்சடிச்ச தாளே கெடையாது. நான் வளந்ததுல இந்த இலக்கியம் எங்கன இருந்துச்சு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வரையறைக்குச் சான்று காட்டச் சொன்னால் என்னிடம் ஒன்றும் இல்லை. என் கைக்கு எட்டிய புத்தகங்களில் பிள்ளைகள் பேசுவார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் புத்தகத்தை எழுதியவர் மாதிரியே பேசுவார்கள்.

2. மும்தாஜ் டீச்சர்

சில வருடங்கள் கழித்து, ஒரு மாலையில், மும்தாஜ் துறைக்கு வந்தார். கம்பத்துக்காரர். கம்பத்துக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பி.எச்டி. செய்ய வேண்டும் என்றார். தலைப்பைக் கேட்டதும் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, வேற தலைப்பே கெடைக்கலையா? டாக்டர் பட்டத்துக்குப் போயி ஆனையும் பூனையுமா?"

"ஆனையும் பூனையும் இல்லைங்கய்யா. பிள்ளைக. எனக்கு அதுகளைத்தான் தெரியும்."

"வீட்ல என்ன சொல்றாக?"

"டாக்டரானா ஊசி போடணும்னு தெருவுல பூராம் வந்து நிப்பாக, பாத்துக்கன்னு சொல்றாக."

தலைவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் நெறியாளர் ஆனேன்.

மும்தாஜின் முறை எளிமையானது. வகுப்பில் ஒரு கதையைப் பாதி வரைக்கும் சொல்வார். பாதியில் நிறுத்திவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்தால், இனி கதை அவர்கள் பாடு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். முடிவை அவர்கள் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் சரி. டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியை ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. எந்தப் பிள்ளையாவது "நீங்க சொல்லுங்க" என்றால், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த விதிகளை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். நான் கறாராக இருந்தேன். பெரியவர் உள்ளே நுழைந்துவிட்டால் அந்தத் தரவு செத்தது என்று நானே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதிகம் பயன்பட்டது ஒரு குருவிக் கதை. மும்தாஜே கட்டியது. கூட்டில் குஞ்சுகளை விட்டுவிட்டு ஒரு குருவி இரை தேடி மலையைத் தாண்டிப் பறக்கிறது. மேலே போகப் போக மூடுபனி, அந்த ஊர்ப் பேச்சில் மஞ்சு, இறங்குகிறது. முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. இவ்வளவுதான். இங்கே உட்கார்ந்துவிடுவார்.

3. கதவைச் சாத்தும் பிள்ளைகள்

அந்த ஊரில் இரண்டு வகை வீடுகள். வயல், திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு என்று கீழேயே வேலை செய்பவர்களின் வீடுகள் ஒரு வகை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். மற்றது, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற வீடுகள். விடியும் முன் ஜீப் வரும். பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி ஏறுவார்கள். பிள்ளைகள் தாமே எழுந்து தாமே பள்ளிக்கு வருவார்கள். மேற்கே மலை இருப்பதால் அங்கே சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். வெயில் எதிர்ப்பக்கத்துப் பாறைகளில் இன்னும் மஞ்சளாகக் கிடக்கும்போதே ஊர் நிழலுக்குள் போய்விடும். அந்த நிழலில் பிள்ளைகள் ரோட்டோரம் நிற்பார்கள். மலைப்பாதையில் வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். எந்த வெளிச்சம் தன் அம்மாவுடையது என்று அவர்களுக்குள் சண்டை நடக்கும்.

ஒருநாள் மும்தாஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், தப்பா இருந்தாலும் இருக்கும். மலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக கதையை வேற மாதிரி முடிக்குதுக."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேசட்டுகளைப் போட்டுக் கேட்டேன். கீழ்க்காட்டுப் பிள்ளை ஒருவன் சொல்கிறான்: "குருவி நெல்லு பாத்துச்சு. தின்னுச்சு. வயிறு நெறஞ்சுச்சு. அம்புட்டுத்தான்." கதை முடிந்தது. இன்னொரு கேசட். மலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை. குரலில் அவசரம்.

"செக்போஸ்ட்ல ஒரு கரடி நிக்குது டீச்சர். மலையாளத்துல எவிட போகுன்னுன்னு கேக்குது. குருவி, காய் எடுக்கப் போறேன் சேட்டான்னு சொல்லுது. விட்டுருச்சு. காய் எடுத்துச்சு. ஜீப்புல ஏறி எறங்குது."

வேறொரு பிள்ளை குறுக்கிடுகிறது: "குருவிக்கு எதுக்கு ஜீப்பு?"

"மஞ்சுல பறக்க முடியாதுல்ல. எறங்கி, கடையில மிச்சர் வாங்கிக்கிட்டு, கூட்டுக்கு வந்து, கதவைச் சாத்திருச்சு."

"கூட்டுக்கு ஏது கதவு?"

"சாத்தணும். சாத்துனாத்தான முடியும்."

அடுத்த கேசட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும். மலை வீட்டுப் பிள்ளைகளின் குருவிக்கு வயிறு நிறைந்தாலும் கதை முடியாது. அது இறங்கி வர வேண்டும். கூட்டுக்குள் வர வேண்டும். குஞ்சுகள் பார்க்க வேண்டும். முயல் கதை, ஆட்டுக்குட்டிக் கதை எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். குழந்தைக் கதை மகிழ்ச்சியாக முடிய வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியைப் பற்றி அக்கறை இல்லை. யாரும் வெளியே மிச்சம் இருக்கக் கூடாது. அதுதான் அவர்களுக்கு முடிவு.

என்னால் உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்தேன். மூன்றாவது வரையறைக்குச் சான்று கிடைத்துவிட்டது. ஆய்வேட்டின் நான்காம் இயல் அதுதான் என்று முடிவு செய்தோம். மற்ற இயல்கள் எல்லாம் அச்சில் வந்த கதைகளை வகைபிரித்து அடுக்குவது, யாரும் செய்யக்கூடியது. நான்காம் இயல்தான் ஆய்வு.

4. மழைக்காலம்

ஆய்வேடு ஏறத்தாழ முடிந்திருந்த சமயம். மழைக்காலத்தில் ஒரு காலை, மேலே போய்க்கொண்டிருந்த ஜீப் ஒன்று மூடுபனியில் வளைவைத் தவறவிட்டுப் பள்ளத்தில் இறங்கியது. அந்த ஊர்ப் பெண்கள் அதில் இருந்தார்கள். சிலர் திரும்பவில்லை. இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

மும்தாஜின் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தியின் அம்மாவும் திரும்பவில்லை. பாண்டீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவள் பெரியவள்; அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். கேசட்டில் கதவைச் சாத்தச் சொன்ன பிள்ளை அவள்தான்.

அதன் பிறகு மும்தாஜ் துறைக்கு வந்தபோது கையில் கேசட் பை இல்லை.

"பாதிக் கதை சொல்றதை விட்டுட்டேன் சார். பாடம் மட்டும் நடத்துறேன்," என்றார். "அந்தப் பிள்ளை வந்துருச்சு பள்ளிக்கூடத்துக்கு. தம்பியையும் இழுத்துக்கிட்டு வருது. எதுவும் கேக்காது. கேட்டா பதில் சொல்லுது."

நான் ஆய்வைப் பற்றி எதுவும் பேசவில்லை. இருவரும் டீ குடித்தோம். போய்விட்டார்.

5. குழு கேட்டது

ஆண்டுதோறும் ஆய்வுக் குழு கூடி ஆய்வாளரின் முன்னேற்றத்தைப் பார்க்கும். அந்த ஆண்டு எங்கள் துறைத்தலைவர் அறையில் கூடியது. வெளியிலிருந்து வந்த குழு உறுப்பினர் நன்கு படித்தவர். நான்காம் இயலை வரிவரியாக வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வு என்ற அளவில் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

"அம்மா மலைக்குப் போறதுனாலதான் பிள்ளைங்க இப்படி முடிக்கிறாங்கன்னு சொல்றீங்க. அது ஊகம். வேற காரணமும் இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம் சார்," என்றார் மும்தாஜ்.

"அதைச் சோதிக்க ஒரே வழி, நிலைமை மாறினா முடிவும் மாறுதான்னு பாக்கிறது." கொஞ்சம் நிறுத்தினார். "நிலைமை மாறியிருக்கு. துக்கமான விஷயம்தான். ஆனா அதே பிள்ளைங்க, அதே கதை, முன்னாடி எடுத்த பதிவு உங்க கையில. இப்ப ஒரு தடவை எடுத்தா போதும். இப்படி ஒரு தரவு யாருக்கும் கிடைக்காதும்மா."

"கெடைக்காம இருக்கிறது நல்லதுங்க சார்."

துறைத்தலைவர் இருமினார். உறுப்பினர் கோபப்படவில்லை.

"உணர்ச்சிவசப்படாதீங்க. இரண்டாம் சேகரிப்பு இல்லேன்னா நாலாவது இயல் நிக்காது. அது இல்லேன்னா இந்த ஆய்வேட்டுல உங்களுடையதுன்னு எதுவும் இல்ல. பதிவுக்காலமும் முடியப் போகுது. இனி நீட்டிப்பு கேக்க முடியாது." என் பக்கம் திரும்பினார். "நெறியாளர் முன்னிலையில எடுங்க. எல்லாம் ஒழுங்கா நடந்ததுன்னு அவர் கையெழுத்துப் போடட்டும்."

பஸ் ஸ்டாண்டு வரை மும்தாஜோடு நடந்தேன். என் மனசு முழுக்க அந்த ஒரு வார்த்தைதான்: யாருக்கும் கிடைக்காது. பத்து வருடப் பால்வாடிச் சிரிப்புக்கு ஒரு பதில் அங்கே இருந்தது. அதே சமயம் அந்தப் பிள்ளையின் குரலும் கேசட்டில் இருந்தபடியே காதில் இருந்தது.

"செய்யுங்கன்னு நான் சொல்லல டீச்சர். வேணாம்னும் சொல்லல."

"நல்லா இருக்கு சார். பேரு மட்டும் கைடு. வழி கேட்டா ரெண்டு பக்கமும் கையக் காட்டுறீக."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி சொன்னார்: "பிள்ளைக பேசணும்னு நெனச்சா பேசட்டும் சார். ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன். வேணாம்னு தெரிஞ்சா விட்டுருவேன்."

6. அந்த வகுப்பு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியடு. ஜன்னலுக்கு வெளியே மலை, பாதிக்கு மேல் மேகத்துக்குள். நான் பின்னால் ஒரு பெஞ்சில், மடியில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்தேன். பிள்ளைகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "இன்ஸ்பெக்டரா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். "இல்லடா, எனக்கு வாத்தியாரு," என்றார் மும்தாஜ். டீச்சருக்கு ஒரு வாத்தியார் என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பாண்டீஸ்வரி இரண்டாவது வரிசையில், தூணை ஒட்டி இருந்தாள். தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். வகிடு கோணலாக இருந்தது.

மும்தாஜ் குருவிக் கதையைச் சொன்னார். குருவி பறந்தது. மஞ்சு இறங்கியது. "முன்னால என்ன இருக்குன்னே தெரியல," என்று நிறுத்தினார். தரையில் உட்கார்ந்தார்.

வழக்கமாக அந்த இடத்தில் பத்துக் கைகள் எழும். கேசட்டுகளில் அந்த இரைச்சலைக் கேட்டிருக்கிறேன். அன்று எதுவும் எழவில்லை. முன்வரிசையில் ஒருவன், "குருவி நெல்லு..." என்று தொடங்கினான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையைக் கிள்ளினான். "ஏலே, சும்மா இருலே."

யாரும் பாண்டீஸ்வரியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவ்வளவு கவனமாக அவளைப் பார்க்காமல் இருந்தார்கள். குருவியைத் திரும்ப வரவைத்தாலும் அவளைத் தொடும். வராமல் விட்டாலும் தொடும். ஒன்பது வயதுப் பிள்ளைகள், கூடிப் பேசாமலேயே, அந்தக் கதையின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மடியில் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வுக் கண்ணுக்கு அந்த மௌனமும் தரவுதான். அப்படி நினைத்தபோது எனக்கு என் மேலேயே ஒரு கூச்சம் வந்தது.

"டீச்சர்," என்றாள் பாண்டீஸ்வரி.

"சொல்லு ஆத்தா."

"எப்பப் பாத்தாலும் எங்களையே முடிக்கச் சொல்றீக. இன்னைக்கு நீங்க முடிங்க."

அதற்கான பதில் எங்கள் விதிகளில் இருந்தது. எத்தனையோ பிள்ளைகளிடம் மும்தாஜ் சொன்ன பதில். வாயைத் திறந்தார். அது வரவில்லை. எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து என்னிடம் வந்தார். குனிந்து, பொத்தானை அவரே அழுத்தினார். டேப் நின்றது.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

திரும்பிப் போய்ப் பாண்டீஸ்வரிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"குருவி வரல," என்றார்.

அவளைப் பார்த்தே தொடர்ந்தார்.

"மஞ்சு ரொம்ப. வழி தெரியல. குருவி செத்துப்போச்சு. கூட்டுல குஞ்சுக பாத்துக்கிட்டே இருக்குதுக. இருட்டிருச்சு, வரல. மறுநாளும் வரல."

"அப்புறம்?" யாரோ ஒரு பையன்.

"அப்புறம் பக்கத்து மரத்துக் காக்கா வந்துச்சு. வந்து, எங்கூட்டுக்கு வந்துருங்கன்னு..."

"காக்கா எதுக்கு?" என்றாள் பாண்டீஸ்வரி. "காக்கா ஒண்ணும் வேணாம். குஞ்சுல ஒண்ணு பெருசு. அது சோறாக்கும்."

மும்தாஜ் காக்காவை விட்டுவிட்டார். பிறகு கேட்டார்: "அதுக்கு ஆக்கத் தெரியுமா?"

"தெரியும். மொத நாளு கொழஞ்சுபோச்சு. இப்பச் சரியா வருது."

"சின்னக் குஞ்சு திங்குமா?" என்று கிள்ளியவன் கேட்டான்.

"மொதல்ல திங்கல. அம்மா ஆக்குனது மாதிரி இல்லைன்னு அழுகும். ஒரு அடி போட்டாத் திங்கும்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"அடிக்கக் கூடாது ஆத்தா," என்றார் மும்தாஜ், டீச்சர் குரலில்.

"குருவி மெல்லத்தான் அடிக்கும் டீச்சர்."

அதற்குப் பிறகு அடைப்பு திறந்துகொண்டது. எங்க மரத்துக் குருவி குழம்பு குடுத்துவிடும் என்றான் ஒருவன். பாண்டீஸ்வரி யோசித்தாள். "ஞாயித்துக்கெழம மட்டும்," என்று ஒப்புக்கொண்டாள். எங்க மரத்துக் குருவி தலை பின்னிவிடும் என்றது ஒரு பெண்பிள்ளை. பாண்டீஸ்வரி ஒரு கையால் வகிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மணி அடிக்கும் வரை இப்படியே போனது. மும்தாஜ் இடையிடையே பேசினார், கேட்டார், ஒரு இடத்தில் திருத்தினார்கூட. நாங்கள் எழுதிய விதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பள்ளிக்கு வெளியே வந்ததும், "போச்சு சார்," என்றார். "இதை எழுத முடியாது. நான் உள்ள பூந்துட்டேன்ல."

"ஆமா."

"கமிட்டிக்கு நடந்ததைச் சொல்லிருவோம். பிள்ளை சொன்னது வேணாம். நான் முடிச்சேன்கிறது மட்டும்."

7. வாய்மொழித் தேர்வு

நான்காம் இயலின் கடைசியில் ஒரு பத்தி சேர்ந்தது. இரண்டாம் சேகரிப்பு தொடங்கப்பட்டது, நிறைவேறவில்லை. பிள்ளைகள் முடிவை ஆய்வாளரிடம் கேட்டனர். ஆய்வாளர் சொன்னார். எனவே அது தரவாகக் கொள்ளப்படவில்லை. இவ்வளவுதான். அதன் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். குழு உறுப்பினர் வாசித்துவிட்டு, "புறத்தேர்வாளர் விட மாட்டார். அது உங்க பாடு," என்று அனுப்பினார்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்பது நடைமுறை. உண்மையில் கேள்விகளை முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதி நம் ஆட்களிடம் கொடுத்துவிடுவோம். துறைத்தலைவரிடம் 'இவ்வாய்வின் சமூகப் பயன் யாது?' என்ற சீட்டு இருந்தது. அரங்குக்கு வெளியே வடையும் டீயும் காத்திருந்தன. மும்தாஜின் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புறத்தேர்வாளர் வயதானவர், மெல்லப் பேசுபவர். முதல் மூன்று இயல்களைச் சீக்கிரம் கடந்தார்.

"நாலாவது இயல் நல்லா இருக்கு. அதுதான் எனக்குக் கஷ்டம்," என்றார். "இதுல சொல்ற முடிவை நீங்க நிறுவலை."

"ஆமாங்கய்யா."

"நிறுவ ஒரு வாய்ப்பு வந்திருக்கு. கையை விட்டுட்டீங்க."

"ஆமாங்கய்யா."

"ஏன்?"

மும்தாஜ் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவில்லை.

"நாலு வருசமா பாதிக் கதை சொல்லிச் சொல்லி முடிவை அதுககிட்டயே வாங்கிக்கிட்டு இருந்தேங்கய்யா. அன்னைக்குத்தான் நெசமாவே வேணும்னு எங்கிட்டக் கேட்டுச்சுக. தர மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"திரும்பவும் அதே மாதிரி ஒரு நிலைமை வந்தா?"

"டேப்பையே கொண்டுபோக மாட்டேங்கய்யா."

இப்படிப் பதில் சொன்ன ஆய்வாளருக்குப் பட்டம் தர வேண்டியதில்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். புறத்தேர்வாளர் ஆய்வேட்டை மூடி, அதன் மேல் கையை வைத்தார். பிறகு, "அவையில வேற யாரும் கேக்கணும்னா கேக்கலாம்," என்றார்.

துறைத்தலைவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார், பார்த்தார், மடித்துத் திரும்ப வைத்தார்.

"எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லைங்க," என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு பால்வாடி என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்கவில்லை.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார் புறத்தேர்வாளர், ஒரு நிபந்தனையோடு. நான்காம் இயலில் 'நிறுவப்பட்டது' என்று வரும் இடமெல்லாம் 'கருத இடமுண்டு' என்று மாற வேண்டும். தேனியில் ஒரு டி.டி.பி. சென்டரில் நானும் மும்தாஜும் அவர் வீட்டுக்காரரும் உட்கார்ந்து மாற்றினோம். ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல் அழிந்து மற்றது ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலித்தது. மும்தாஜ், "அதுதான சார் நெசம். கருத இடமுண்டு," என்றார்.

8. கற்றுக்கொண்டது

அந்த இயலை யாரும் மேற்கோள் காட்டியதாக எனக்குத் தெரியாது. நிறுவாத ஒன்றை யார் எடுத்து ஆள்வார்கள்? பிறகு பாடத்திட்டம் மாறியபோது குழந்தை இலக்கியத்தை எடுத்துவிட்டு ஊடகத்தமிழை வைத்தார்கள். இந்தப் பாடத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆய்வு ஏதும் இல்லையே என்றார் ஒருவர், அந்தக் கூட்டத்தில், என் முகத்தைப் பார்த்தே. இரண்டாம் சேகரிப்பு கையில் இருந்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். உட்கார்ந்தே இருந்தேன். இழப்புதான். இல்லை என்று எழுதினால் பொய்.

பாடம் போனாலும் ஆய்வுக்கு வரும் ஓரிருவர் இன்னும் குழந்தைகளைத் தேடித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு எல்லா விதிகளையும் சொல்லிக்கொடுக்கிறேன். எடுத்துக் கொடுக்காதே, திருத்தாதே, முகம் சுளிக்காதே. பழைய விதிகள் எல்லாம் சரியான விதிகளே. அதோடு ஒன்று சேர்த்திருக்கிறேன். பாதிக் கதையோடு கிளம்புமுன், அந்தக் கதைக்கு உங்களுடைய முடிவு ஒன்றை யோசித்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்கு அது வேண்டாம், என்னிடமும் காட்ட வேண்டாம். ஏதாவது ஒரு பிள்ளை கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் இருக்க வேண்டும்.

பெரும்பாலும், யாரும் கேக்கல சார் என்று திரும்பி வருகிறார்கள். கேசட்டும் இப்போது அதற்குப் பதில் வந்திருக்கும் கருவிகளும் நிறைந்திருக்கும். எப்போதாவது ஒருவர், தானே நிறுத்திவிட்ட கருவியோடு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பார். அவரிடம் நான் எதுவும் கேட்பதில்லை. டீ வாங்கிவரச் சொல்கிறேன்.